அம்மாவின் ஐந்தரைக் கட்டை

தம்பி,

நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் "சரி, பொறவு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ நல்லதைத்தான் சொன்னாய். "ஆர்மோனியத்த விட்டுத் தள்ளுங்கப்பா. நான் ஒரு கீபோர்டு வாங்கி அனுப்புறேன். அதுல ஒரு பட்டன் இருக்கு, அமுக்குனா சுருதி தானா மாறிரும். நீங்க பழகுன மாதிரியே வாசிங்க, அம்மா அவங்களுக்கு ஏத்த மாதிரி பாடட்டும். தையில கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் ரெடி" என்றாய். அந்தப் பட்டன் ஏன் வேண்டாம் என்று எனக்குப் போனில் சொல்லத் தெரியவில்லை. தேயிலைப் பெக்டரி இரைச்சலில் வேலை செய்தே வயதானவன் நான். எனக்குக் கத்தத் தெரியும், விளக்கிச் சொல்லத் தெரியாது. எழுதினால் ஒருவேளை வரும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நான் இந்த வயதில் ஆர்மோனியம் படிக்கப் போனதைப் பொழுதுபோக்கு என்றுதான் நீயும் நினைத்தாய், உன் அம்மாவும் நினைத்தாள். வேலையை விட்டு அலுவிகாரைக்குக் குடிவந்த பிறகு எனக்குக் கை காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. உன் பெரியம்மா வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தோமே, ஞாபகமிருக்கிறதா? அங்கே யாரோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட, பெரியம்மா எரிச்சல்பட்டு என்னிடம் சொன்னார்: "இதெல்லாம் ஒரு பாட்டா? என் கல்யாணத்துல நலங்கு வைக்கிறப்ப கமலா பாடுனா. பந்தி போட்டாச்சுன்னு கூப்புட்டும் ஒருத்தரும் எழும்பலையே. ஒங்களுக்குத் தெரியாததா!" எனக்குத் தெரியாது, தம்பி. நான் தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். உன் அம்மா வேலை செய்யும்போது ஏதோ முனகுவாள், கோயிலில் கூட்டத்தோடு வாயசைப்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். உன் கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது அவள் அதே பாட்டைப் பாட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று ஒரு ஆசை.

விஜயதசமி அன்றைக்கு மாத்தளை டவுனில் சுமதி டீச்சர் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிற பிள்ளை, உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அன்று புதிதாகத் தொடங்கிய எல்லாரும் பட்டுப்பாவாடையும் குட்டி வேட்டியுமாகப் பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்க, கடைசியில் நான். பக்கத்தில் இருந்த வாண்டு ஒன்று, "தாத்தா, ஒங்க பாப்பா எங்க?" என்று கேட்டது. நான்தான் பாப்பா என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. தட்சணை வைத்துக் கும்பிட்டதும் டீச்சர் கேட்டார்: "அங்கிள், தனியா வாசிக்கப் போறீங்களா, இல்ல யாருக்காச்சும் பாட வாசிக்கணுமா?"

"எங்க வீட்ல பாடுவாங்க. அவங்களுக்கு."

"அப்ப அவங்க சுருதி என்னன்னு கேட்டுட்டு வாங்க. அதுலயே தொடங்கிருவோம்."

"அதெல்லாம் வேணாம் டீச்சர். அவங்களுக்குத் தெரியாம செய்யணும். ஒங்களுக்கு எது லேசோ அதுலயே சொல்லிக் குடுங்க."

டீச்சர் ஒரு தரம் என்னைப் பார்த்தார், பிறகு சரி என்றார். நான் செய்த பிழை அதுதான். உனக்குச் சங்கீதம் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ச' என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் நம் சுருதி. முதல் வெள்ளைக் கட்டையை 'ச' என்று வைத்தால் அது ஒரு கட்டைச் சுருதி. ஆண்கள் அதிலோ அதை ஒட்டியோ பாடுவார்கள், பழகுகிறவனுக்கும் அது லேசு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்று போகும். பாடுகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, தொண்டை தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசிக்கிறவனுக்கோ 'ச' இடம் மாறினால் அத்தனை விரலும் இடம் மாற வேண்டும். வெள்ளைக் கட்டையில் போன விரல் கறுப்புக் கட்டையைத் தேட வேண்டும். நன்றாகப் பழகியவர்கள் செய்வார்கள். என்னை மாதிரி வயது போய்த் தொடங்கியவனுக்கு ஒரு சுருதியில் விரல் படிந்தால் அதுதான் உலகம்.

படிவதற்குள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இடது கை துருத்தியை இழுக்கிறபோது வலது கையும் சேர்ந்து இழுக்கும். மெஷின் போல்ட்டு முறுக்கிப் பழகிய விரல்கள், ஒன்றைத் தூக்கச் சொன்னால் மூன்று எழும்பும். என்னோடு தொடங்கிய வாண்டுகள் எல்லாம் கீதம், வர்ணம் என்று தாண்டிப் போக, நான் முதல் பாடமான சரளி வரிசையிலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள மாமி வேலியோரம் நின்று, "இன்னைக்கும் அதேதானா மாத்தயா?" என்று சிரிப்பார். சின்ன வயதில் ஒரு நாளில் வருவது இப்போது ஒரு மாதம் பிடிக்கிறது. உனக்கு எதையாவது பழக ஆசையிருந்தால் ஓய்வு வரட்டும் என்று வைத்திருக்காதே. ஓய்வு வரும், விரல் வராது. இருந்தும் நான் விடவில்லை. பெரியம்மாவிடம் கேட்டு அந்த நலங்குப் பாட்டை வாட்சப்பில் பாடி அனுப்பச் சொன்னேன். டீச்சர் அதைக் கேட்டு, ஒரு கட்டைக்கு மாற்றி, எனக்கு எழுதித் தந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே அந்த ஒரே பாட்டைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வீட்டில்தான் அந்தப் பாட்டு. வீட்டில் மற்றதெல்லாம் வாசிப்பேன், கோயிலில் பாடுகிற தெரிந்த பாட்டுகளும் அதில் இருக்கும். உன் அம்மா ஒரு நாளும் கூடப் பாடியதில்லை. முதல் அடி வாசிக்கும்போது வாயைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். நான் பிழையாக வாசிக்கிறேன் போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பழகுவேன்.

நீ தை மாதம் நாள் குறித்தாயிற்று என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, இனி மறைக்க முடியாது என்று அவளைக் கூப்பிட்டேன். "கமலா, அடுப்ப அணைச்சிட்டு இங்க வந்து ஒக்காரு." முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். வாசித்தேன். இரண்டாவது அடியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "இது எப்புடி ஒங்களுக்கு?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அந்த முகத்துக்காக இன்னும் ஒரு வருஷம் கூட நான் பாயில் உட்கார்ந்திருப்பேன். "பாடு, தம்பி கல்யாணத்துக்கு நீ பாடுற, நான் வாசிக்கிறேன்" என்றேன். அவளும் ஆசையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

வரவில்லை. என் சுருதியிலேயே கீழே பாடினால் வார்த்தை தொண்டைக்குள்ளேயே நின்று காற்றாக வந்தது. மேலே பாடினால் பாதியில் கத்தலாகிக் கீறியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நிறுத்தியிருக்க வேண்டும். நானோ பெக்டரியில் பையன்களை வேலை வாங்குகிற மாதிரி, "கொஞ்சம் எறக்கிப் பாடு" என்றேன். "எறக்கித்தாங்க பாடுறேன்." "அப்ப ஏத்திப் பாடு. நான் வாசிக்கிறதக் கேட்டுப் பாடணும், நீ ஒம்பாட்டுக்குப் போற." மூன்றாம் தரம் முயன்று இருமல் வந்துவிட்டது. "எனக்கு இப்பல்லாம் பாட வராதுங்க. நீங்க வாசிங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, உன்னிடமே போனில், "ஒங்க அம்மாவுக்குக் கொரல் போயிருச்சு, நான் பட்ட பாடெல்லாம் வீண்" என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சனிக்கிழமை டீச்சரிடமும் அதே முறைப்பாட்டைப் போய்ச் சொன்னேன். டீச்சர் சத்தம் போடாமல் கேட்டார்: "அங்கிள், அம்மா எந்தச் சுருதியில பாடுவாங்கன்னு கடைசி வரைக்கும் கேக்கவே இல்லையா?" இல்லை என்றேன். "ஒங்க ஒரு கட்டையில அவங்க எப்புடிப் பாடுவாங்க? அவங்களுக்குக் கொரல் போகல. நீங்க நிக்கிற எடத்துல அவங்களால நிக்க முடியல, அவ்வளவுதான்" என்றார். ஐந்தரைக் கட்டையில் 'ச' வைத்து அதே பாட்டை வாசிக்கச் சொன்னார். எனக்கு ஒரு அடி கூட வரவில்லை. ஒரு வருஷம் பழகிய பாட்டு, முதல் நாள் மாதிரி விரல் கட்டையைத் தேடியது. இதைத்தான் நேற்று உன்னிடம் சொன்னேன், நீயும் பட்டன் யோசனை சொன்னாய்.

அந்தப் பட்டன் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், அதில் சந்தேகமில்லை. நான் இருந்த இடத்திலேயே இருப்பேன், என் விரல் ஒரு அங்குலம் நகராது, மெஷின் எனக்காக அவளிடம் போய்வரும். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். உன் அம்மா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கமலா, ஒன்னோட சுருதி என்ன?"

"அஞ்சரைக் கட்டை" என்றாள், தலை நிமிராமல், யோசிக்காமல். "பள்ளிக்கூடத்துல மியூசிக் டீச்சர் அப்புடித்தான் சொல்லுவாங்க. தமிழ்த் தினப் போட்டிக்கு என்னையத்தான் மொதல்ல நிக்க வைப்பாங்க."

"இத்தன வருசமா சொல்லவே இல்லையே புள்ள?"

"சொல்லி என்ன செய்ய? நீங்கதான் தூங்கிக்கிட்டு இருந்தீங்களே" என்று சிரித்தாள்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, தம்பி. உனக்கு உன் அம்மாவைத் தெரியும், அவளுக்குக் குத்திப் பேச வராது. அவள் உள்ளதைச் சொன்னாள். கல்யாணம் கட்டியதிலிருந்து எனக்கு ராச் சிப்ட்டு. கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பேன். தகரக் கூரை போட்ட குவாட்டர்ஸ், இரண்டே அறை, ஒரு கரண்டி விழுந்தாலும் முழு வீடும் அதிரும். நீ வளர்ந்ததே குசுகுசுப்பில்தான். பந்து அடித்தால் "ஷ்ஷ்", சத்தம் போட்டுப் பாடம் படித்தால் "அப்பா தூங்குறாரு". உனக்கு அது பழகிப்போனது. அவளுக்கு மட்டும் பழக வேண்டியிருந்தது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பாடுகிறவள் முதலில் சத்தத்தைக் குறைத்தாள், பிறகு சுருதியைக் குறைத்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டு முனகினாள். நான் அவளை ஒரு நாள் கூடப் பாடாதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது ஒரு சண்டை வந்திருக்கும், அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். சண்டைக்கே இடமில்லாமல் எல்லாம் நடந்து முடிந்தது.

ஆர்மோனியத்தைச் சமையலறைக்கே தூக்கிக்கொண்டு வந்தேன். "ஒனக்கு லேசா வர்ற எடத்துல 'ச' புடி, நான் தேடுறேன்" என்றேன். முதலில் மாட்டேன் என்றாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். நான் ஐந்தரையில் கையை வைத்தேன். சேரவில்லை. ஐந்து, அதுவும் சேரவில்லை. நாலில் வந்து சேர்ந்தது. அவளே கண்ணைத் திறந்து கட்டையைப் பார்த்தாள். "நாலா? அவ்வளவு எறங்கிருச்சா?" என்றாள். பிறகு, "வயசாகுதுல்ல" என்று சொல்லிப் போஞ்சியை எடுத்துக்கொண்டாள்.

வயதானால் குரல் இறங்கும், அது எல்லாருக்கும் உள்ளது என்று போனில் கேட்டபோது டீச்சரும் சொன்னார். நாலு கட்டையும் நல்ல குரல்தான். ஆனால் அந்த ஐந்தரைக் கட்டை இனி இல்லை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் வராது. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது, பெரியம்மா கல்யாணப் பந்தலில் சாப்பிடாமல் உட்கார்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்த நான் மட்டும் கேட்கவில்லை. பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கே கேட்டிருக்கலாம். பலகாரம் கொடுத்து முடித்து, "பிள்ள ஒரு பாட்டுப் பாடும்" என்று உன் தாத்தா சொல்ல, அவளும் புடவையைச் சரிசெய்து கொண்டு பாயில் உட்கார்ந்தாள். எங்கள் சித்தப்பா மணிக்கூட்டைப் பார்த்து, "பாட்டெல்லாம் என்னத்துக்கு, பிள்ளயப் புடிச்சிருக்கு. மாப்புள்ளைக்கு இன்னைக்கு சிப்ட்டு, பஸ் போயிரும்" என்று எழும்பிவிட்டார். நானும் எழும்பினேன். அவள் பாயில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்று பஸ்ஸை விட்டிருக்கலாம். ஒரு நாள் சம்பளம் போயிருக்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீயும் இப்போது ராச் சிப்ட்டுக்காரன்தான். கொழும்பில் ஏசி ரூமில் இருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறாய், என்னை மாதிரி தேயிலைத் தூசியோடு வரமாட்டாய். ஆனாலும் பகலில்தான் தூங்குவாய், எங்களுக்கு மருமகளாக வரப்போகிற தர்ஷினி பகலில்தான் விழித்திருப்பாள். அந்தப் பிள்ளை சிரித்தால் ஆபீஸே திரும்பிப் பார்க்கும் என்று நீதானே என்னிடம் பெருமையாகச் சொன்னாய்? கல்யாணமாகி ஒரு மாதத்தில் அவளாகவே மெதுவாகச் சிரிக்கப் பழகிக்கொள்வாள். நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை, முகத்தைச் சுளிக்கக்கூடத் தேவையில்லை, நீ தூங்கினாலே போதும். அவள் பாத்திரத்தை மெல்ல வைப்பாள், போனை வெளியே கொண்டுபோய்ப் பேசுவாள், நீயும் நல்ல பெண்டாட்டி கிடைத்தாள் என்று நிம்மதியாகத் தூங்குவாய். நானும் அப்படித்தான் தூங்கினேன். அதனால் உன் காதில் பஞ்சை வைத்துக்கொள். முடியாவிட்டால் தூக்கம் கெட்டு எழும்பி வந்து, என்னத்துக்குச் சிரித்தாய் என்று கேட்டு நீயும் சேர்ந்து சிரி. தூக்கத்தைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். இதைப் புத்திமதி என்று எடுக்காதே. எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ தெரியாது.

கீபோர்டு வேண்டாம், தம்பி. நாலு கட்டையில் முதலிலிருந்து சரளி வரிசை தொடங்கிவிட்டேன். தைக்குள் எனக்கு அந்தப் பாட்டு வராது என்று டீச்சர் போனில் இழுத்த இழுப்பிலேயே தெரிந்தது. வராவிட்டால் போகட்டும். இன்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன்: "நலங்கன்னைக்கு நீ பாடு. நான் வாசிக்கல."

"வாத்தியம் இல்லாமலா? அப்ப நீங்க?"

"நான் முன்னுக்கு ஒக்காந்து கேக்கப் போறேன்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு திரும்பிப் பார்த்து, "அப்ப நான் கொஞ்சம் சத்தமாப் பாடுனா பரவால்லையாங்க?" என்று கேட்டாள்.

தம்பி, நான் தலையைத்தான் ஆட்டினேன். அதற்குள் அவள் பானைப் பக்கம் திரும்பிவிட்டாள், நான் தலையாட்டியதைப் பார்த்தாளோ என்னவோ தெரியாது. நீ ஒரு தரம் போன் எடுத்து, பரவாயில்லை என்று அவளிடம் சொல்லிவிடு.

அப்பா